திங்கட்கிழமை மட்டும் அறுபடாத கம்பி

1997, ஜூன் 10. செவ்வாய். பிற்பகல் 2.55.

அடையாறு காந்தி நகரில், வீடாக இருந்து அலுவலகமாக மாறிய ஒரு கட்டடத்தின் ஹாலில் ஐந்து கம்ப்யூட்டர்களும் ஒரே சமயத்தில் உறைந்து நின்றன. அறுபத்திரண்டாம் பக்கத்தைத் தட்டிக்கொண்டிருந்த வர்ஷினி, என்டர் பொத்தானை ஏழு தடவை குத்தினாள். குத்தினால் மட்டும் உயிர் வந்துவிடுமா? வரவில்லை.

"போச்சு! மறுபடியும் போச்சு மேடம்!"

மேற்பார்வை பார்க்கும் அபயாம்பாள் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். மயிலாப்பூர்க்காரர், வயது ஐம்பத்தாறு. "சேவ் பண்ணிண்டியோ?"

"எங்க மேடம்? நாலு பக்கம் அம்பேல்."

வெளிநாட்டுப் புத்தகங்களை எழுத்தெழுத்தாகத் தட்டிக் கொடுக்கும் வேலை அங்கே நடந்தது. புதிய அத்தியாயங்கள் எல்லாம் முதலாளி சிதம்பரநாதனின் லேப்டாப்பில் இருக்கும். கையில் இருப்பதை முடித்தவர், கம்பி வழியாக அடுத்த அத்தியாயத்தைத் தாமே எடுத்துத் தொடங்க வேண்டும். கம்பி செத்தால் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

சிதம்பரநாதன் அறையைவிட்டு வெளியே வந்தார். வெள்ளைக்கார வாடிக்கையாளர் வருகிறார் என்று, சுவரில் இருந்த சாமி படங்களையும் தினசரி காலண்டரையும் ஒரே நாளில் கழற்றிப் பரணில் போட்ட மனிதர் அவர்.

"காரணம் இல்லாம எதுவும் நடக்காது. இது சயின்ஸ். நாளைக்கு அந்த சர்வீஸ் பொண்ணை வரச் சொல்லுங்க."

ஜூன் 11. புதன். பகல் 12.50.

சர்வீஸ் பொண்ணு வந்தாள். பெயர் ரூபீனா, வயது இருபத்தாறு, ராயப்பேட்டை. அந்த அலுவலகத்துக்குக் கம்பி போட்டதே அவள்தான். தன் கைக்கு அகப்படாத பழுது இன்னும் பிறக்கவில்லை என்று கொஞ்சம் தலைக்கனம். வேலை தெரிந்தவள்தான், அதனால் மன்னிக்கலாம் என்று அதுவரை எல்லோரும் மன்னித்து வந்தார்கள்.

அன்றைக்கும் 11.55 முதல் கம்பி செத்துக் கிடந்தது.

விஷயம் எளிமையானது. ஒரே கறுப்புக் கம்பி, ஹாலில் இருக்கும் ஐந்து மெஷின்களையும் தொட்டுக்கொண்டு, நடைப்பகுதித் தரையோரமாக ஓடி, முதலாளி அறையில் லேப்டாப்போடு முடிகிறது. இரண்டு கோடியிலும் கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு வெள்ளி நிற மூடி. இரண்டும் இருந்தால்தான் கம்பிக்கு உயிர். ஒன்று கழன்றாலும், நடுவில் கம்பி அறுந்தாலும், எல்லா மெஷினும் ஒன்றாகப் படுத்துவிடும்.

ரூபீனா மீட்டரை வைத்தாள். எல்லாம் சரியாக இருந்தால் இருபத்தைந்து ஓம் காட்ட வேண்டும். ஐம்பது காட்டியது. ஆக, ஒரு கோடி மூடி இல்லை, அல்லது அந்தக் கோடிக்குப் போகும் கம்பி விட்டிருக்கிறது. ஹால் மூலையில் இருந்த மூடியைத் திருகிப் பார்த்தாள். கல்லாக இருந்தது. ஐந்து மெஷின்களின் இணைப்பையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, நோட்டில் ஐந்து கட்டங்களில் டிக் போட்டாள்.

மிச்சம் இருந்தது நடைப்பகுதியும் முதலாளியின் அறையும். கதவைத் தட்டினாள். அது ஒரு சாண் திறந்தது.

"சார், உங்க லேப்டாப்ல வயர் மாட்டியிருக்கா?"

"அதெல்லாம் கரெக்டா இருக்கும்மா. நீ வெளிய பாரு."

கதவு மூடியது. ரூபீனா ஆறாவது கட்டத்திலும் டிக் போட்டாள்.

1.33. யாரும் எதுவும் செய்யவில்லை, கம்பிக்கு உயிர் வந்தது. விட்டுப் பிடிக்கிற பழுதைப் போல ஒரு எரிச்சல் உலகத்தில் கிடையாது.

"மேடம், எப்பெப்போ போச்சுன்னு எழுதி வெச்சிருக்கீங்களா?"

அபயாம்பாள் இரண்டு வாரமாக எழுதி வைத்த தாளை நீட்டினார். நீட்டியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முதலாளியின் கதவைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

இரண்டு வாரமும் ஒரே கணக்கு. செவ்வாய் 2.55 முதல் 4.32 வரை. புதன் 11.55 முதல் 1.33. வியாழன் 1.25 முதல் 3.02. வெள்ளி 10.25 முதல் 12.04. சனி, ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை மட்டும் காலை ஒன்பதரைக்குத் திறந்து மாலை ஆறுக்குப் பூட்டும் வரை ஒரு குறையும் இல்லை.

"திங்கட்கிழமை யாராவது வர மாட்டாங்களா மேடம்?"

"பெருக்கித் துடைக்கற இசக்கியம்மாள் வரமாட்டா. ஏன் கேக்கறே?"

ரூபீனா நேரங்களைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். அவளுக்குப் பிடி கிடைத்துவிட்டது. கிடைத்ததாக நினைத்தாள்.

ஜூன் 12. வியாழன். பகல் 1.25.

ரூபீனா ஹாலில் காத்திருந்தாள். சொல்லி வைத்த மாதிரி ஐந்து திரைகளும் உறைந்தன. எட்டிப் பார்த்தாள். நடைப்பகுதியில் இசக்கியம்மாள் குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஈரத்துணி கம்பிக்கு அரை அடி தள்ளி.

இசக்கியம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருஷமாகப் பட்டணத்தில் பிழைப்பு. இந்த அலுவலகம், இதே தெருவில் மூன்று வீடுகள். அந்தத் தெருதான் அவருக்குச் சோறு. அங்கே பெயர் கெட்டால் நான்கும் சேர்ந்து போகும்.

ஹாலில் எல்லோர் முன்னாலும் விசாரணை தொடங்கியது. சத்தம் கேட்டு முதலாளியும் வந்து தன் கதவருகே நின்றார்.

"திங்கட்கிழமை ஏன் வர்றதில்ல?"

"எங்க வீட்டு ஆளுக்குச் சக்கரை வியாதி. அன்னைக்குத்தான் ஆஸ்பத்திரியில மருந்து குடுப்பாக."

"மத்த நாள் எல்லாம் வர்றீங்க?"

"வாரேன்."

"மத்த நாள் எல்லாம்தான் நெட்வொர்க் போகுது."

"அதுக்கு நான் என்ன தாயி செய்யட்டும்?"

ரூபீனா தாளை எடுத்து, நாளையும் நேரத்தையும் உரக்கப் படித்தாள். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. சிதம்பரநாதன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஏ.சி. அறையிலிருந்து அப்போதுதான் வந்தவருக்கு எதற்கு வியர்வை? யாரும் கவனிக்கவில்லை.

"பழுது இந்த நடையிலதான். மீட்டர் பொய் சொல்லாது. துடைக்கும்போது கம்பியை இழுக்கறீங்க. கழட்டியும் பாக்கறீங்களா? அந்தப் பையில என்ன இருக்கு?"

"எம் பையா?"

"கொட்டுங்க."

கேட்டது அதிகம் என்று ரூபீனாவுக்கே பட்டது. ஆனால் சொன்னது சொன்னதுதான். இசக்கியம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒயர் பையைக் கவிழ்த்தார். ஒரு சுருக்குப்பை. கசங்கிய மருந்துச் சீட்டு. வர்ஷினி சாப்பிட முடியாமல் கொடுத்த இரண்டு இட்லி. இத்தனை ஆண்பிள்ளைகள் நடுவில் எந்தப் பெண்ணும் வெளியே எடுக்க மாட்டாத பழஞ்சேலைத் துணி, நான்காக மடித்தது. அதிலிருந்து உருண்டு வந்தது ஒரு வெள்ளி நிற மூடி.

"வெள்ளின்னு நெனச்சிருக்கும்," என்று யாரோ சிரித்தார்கள்.

"இல்ல தாயி! ஐயா மேசைக்கு அடியில பெருக்கும்போது கெடந்துச்சு. குப்பையில போயிரக் கூடாதேன்னு முடிஞ்சு வச்சேன். அம்மாகிட்ட குடுக்க மறந்துட்டேன். எம் புருசன் மேல சத்தியமா..."

"எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க," என்றாள் ரூபீனா.

சிதம்பரநாதன் தரையைப் பார்த்தபடி சொன்னார். "நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

2.50க்கு இசக்கியம்மாள் கேட்டைத் தாண்டினார். 3.02க்குக் கம்பிக்கு உயிர் வந்தது.

"பாத்தீங்களா?" என்றாள் ரூபீனா. பெருமைதான், வேறென்ன.

ஜூன் 13. வெள்ளி. காலை 10.40.

ராயப்பேட்டையில் ரூபீனாவின் கம்பெனிக்குப் போன் வந்தது. அபயாம்பாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"பத்து இருபத்தஞ்சுக்குப் போயிடுத்தும்மா. இசக்கியம்மாள் இன்னிக்கு வரலை."

ரூபீனாவின் காது மடல்கள் சூடாயின. டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மணிக்கூண்டு பக்கம் ஓடினாள். ஆட்டோ நின்றது. டிரைவர் கனகராஜ் சீட்டில் காலை மடித்து உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, அடையாறு."

"பன்னண்டுக்கு மேல வாம்மா. இன்னும் போணி ஆவல. ராகு காலத்துல மொத சவாரி எட்த்துகினு போனா, நாள் பூரா வண்டி மக்கர் பண்ணும்."

"அவசரம்ணா!"

"அவசரம் உனுக்கு. வண்டி எனுக்கு. பத்தரைலேர்ந்து பன்னண்டு. ஒன்றரை மணி நேரத்துல ஊரு ஓடியா போயிடும்?"

ரூபீனா திரும்பினாள். இரண்டடி வைத்தவள் நின்றாள். நோட்டைப் பிரித்தாள். வெள்ளி, 10.25 முதல் 12.04.

"அண்ணா, செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு?"

"மூணு டு நாலரை. இன்னாமா, மெட்ராஸ்ல தானே கீற?"

"புதன்?"

"பன்னண்டு டு ஒண்ணரை."

"வியாழன்?"

"ஒண்ணரை டு மூணு."

"திங்கட்கிழமை?"

"காலீல ஏழரை டு ஒம்போது."

அலுவலகம் திறப்பது ஒன்பதரைக்கு.

ராகு காலம் என்ற வார்த்தை ரூபீனாவுக்குத் தெரியாதா? பக்கத்து வீட்டில் தினமும் காதில் விழும். ஆனால் அவள் வீட்டில் அதற்கு மணி பார்ப்பவர் யாரும் இல்லை. எந்த நாளில் எந்த நேரம் என்று அவள் கேட்டதும் இல்லை. நோட்டின் முந்தின பக்கத்தில் ஆறு டிக்குகள் இருந்தன. ஐந்து, கையால் தொட்டுப் பார்த்துப் போட்டவை. ஆறாவது, ஒருவர் வாய்வார்த்தையைக் கேட்டுப் போட்டது. நடுரோட்டில் நிற்கிறோம் என்றும் பாராமல் அவளுக்கு அழுகை வந்தது. அவமானத்தில் வருகிற அழுகை, கண்ணை எரிக்கும்.

வேறு ஆட்டோ பிடித்தாள்.

காலை 11.20.

இந்தத் தடவை அவள் கதவைத் தட்டவில்லை. தள்ளினாள்.

லேப்டாப் மேசைமேல் இருந்தது. அதன் பக்கவாட்டில் மூடி பத்திரமாக மாட்டியபடியே இருந்தது. அதில் சேர வேண்டிய கறுப்புக் கம்பி மட்டும் கழன்று மேசை விளிம்பில் தொங்கியது. சிதம்பரநாதன் எழுந்தார்.

"என்னம்மா இது, கேக்காம கொள்ளாம..."

"மேடம்! வர்ஷினி! எல்லாரும் இங்க வாங்க."

வந்தார்கள். சின்ன அறை நிறைந்துவிட்டது.

"நேத்து ஹால்ல நான் ஒருத்தங்களைக் குற்றவாளின்னு சொன்னேன். அது தப்பு. கம்பியைத் தினமும் கழட்டறவர் இவர்."

"நான்சென்ஸ்!"

"ராகு காலத்துக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி கழட்டறீங்க. முடிஞ்சதும் மாட்டறீங்க. திங்கட்கிழமை ஆபீஸ் திறக்கறதுக்கு முன்னாடியே அது முடிஞ்சிடுது. அதனாலதான் அன்னைக்குப் பழுதே கிடையாது. புது அத்தியாயத்தை யாரும் ராகு காலத்துல எடுத்து ஆரம்பிக்கக் கூடாது, அவ்வளவுதானே சார்? அதை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். காலண்டரையே கழட்டி எறிஞ்சவர் எப்படிச் சொல்வீங்க?"

சிதம்பரநாதன் உட்கார்ந்துவிட்டார்.

"கம்பியைக் கழட்டினா உங்க லேப்டாப் மட்டும் விலகும்னு நெனச்சீங்க. கோடி மூடி லேப்டாப்போடவே நின்னுடுது, கம்பி வாய் திறந்து தொங்குது. அதான் அஞ்சு மெஷினும் சாகுது."

"எனக்கு அது தெரியாதும்மா," என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. "சத்தியமா தெரியாது. முதல் கான்ட்ராக்ட்டை ஒரு வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சோம். மூணு மாசத்துல கைவிட்டுப் போச்சு. அதுலேர்ந்து மனசு கேக்கல."

"புதன்கிழமை தெரியாது, சரி. நேத்து நான் நேரத்தை எல்லாம் சத்தமா படிச்சேனே, அப்போ?"

சிதம்பரநாதன் மேசை விளிம்பில் தொங்கிய கம்பியைப் பார்த்தார்.

"தெரிஞ்சுது," என்றார்.

"தெரிஞ்சும் அவங்களை வேலையை விட்டு அனுப்பினீங்க."

"இத்தனை பேர் முன்னாடி எப்படிம்மா சொல்றது? எனக்கு வெட்கமா இருந்துது."

"அவங்களுக்கு இருந்திருக்காதா சார்?" என்றாள் வர்ஷினி. முதலாளியை எதிர்த்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அபயாம்பாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "நேக்குப் போன வாரமே தெரியும். தாள்ல நேரத்தை எழுதினவளுக்குத் தெரியாதா? ராகு காலம்னு பச்சைக் குழந்தைகூடச் சொல்லும். இவர்தானான்னு சந்தேகம் இருந்தது. ரிடையர் ஆக இன்னும் ரெண்டு வருஷம் இருக்கே, எதுக்கு வம்புன்னு வாயை மூடிண்டு இருந்துட்டேன். அவ பையைக் கொட்டறச்சேகூட மூடிண்டுதான் இருந்தேன். பாவி!"

"அப்போ அந்த மூடி?" வர்ஷினி கேட்டாள். "இசக்கியம்மா பையில இருந்தது?"

ரூபீனா இதிலிருந்து தப்பித்துக்கொண்டு போயிருக்கலாம். யாருக்கும் விளங்கியிருக்காது. ஆனால் சொன்னாள்.

"இந்தக் கம்பிக்கு ரெண்டே மூடிதான். ஒண்ணு ஹால் மூலையில இருக்கு, ஒண்ணு இந்த லேப்டாப்ல இருக்கு. ரெண்டும் தொலையவே இல்ல. அப்போ அவங்க பையில இருந்தது மூணாவது. மூணாவது மூடி இந்த ஆபீசுக்குள்ள வர ஒரே வழி என் டூல் பெட்டிதான். கம்பி போட்ட அன்னைக்கு இந்த மேசைக்கு அடியில நான்தான் படுத்துக்கிட்டு வேலை செஞ்சேன். அப்போ விழுந்திருக்கு. அவங்க சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் நிஜம்."

மிச்சத்தையும் சொல்லி முடித்தாள். "மீட்டர் புதன்கிழமையே இந்த அறையைக் காட்டிச்சு. முதலாளி சொன்னார்னு உள்ள வராம டிக் போட்டேன். துடைக்கிறவங்க சொன்னதை நம்பாம பையைக் கொட்டச் சொன்னேன். இதுக்கு ராகு காலம் காரணம் இல்ல. நான்தான்."

சிதம்பரநாதன் தலை நிமிரவில்லை. "அந்த அம்மாவைக் கூட்டிக்கிட்டு வாங்க. நான் பேசறேன். வேலை அப்படியே இருக்குன்னு சொல்லுங்க."

மாலை 4.30.

அதே தெருவில் ஏழாவது வீட்டின் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார் இசக்கியம்மாள். ரூபீனா எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வரை துடைப்பத்தை நிறுத்தவே இல்லை.

"என்னை மன்னிச்சிருங்கம்மா."

"சரி."

"ஆபீசுக்கு வாங்க. சார் வரச் சொன்னார்."

"அந்த நடையில இனிமே கால் வைக்க மாட்டேன் தாயி. என் துணியை அத்தனை பேரும் பாத்தாக." அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். "கோடி வீட்ல காலையிலயே வேண்டாம்னுட்டாக. ஆபீஸ் வாட்ச்மேன் சொல்லிருக்கான். எதுத்த வீட்லயும் அப்படியே. இந்த வீடு ஒண்ணுதான் இருக்கு."

"நான் வந்து சொல்றேம்மா. மூணு வீட்லயும் சொல்றேன். தப்பு என்னுதுன்னு நானே சொல்றேன்."

"வேண்டாம். நீ போ."

"இல்லம்மா, சொன்னாத்தான் எனக்கு..."

"வேண்டாம்னா விட்ரு தாயி."

ரூபீனா விடவில்லை. செய்த பாவத்தை உடனே கழுவிவிட வேண்டும் என்ற அவசரம் அவளுக்கு. படியேறி மணியை அழுத்தினாள். வீட்டுக்கார அம்மாள் நீரஜா கதவைத் திறந்தார். நாற்பது வயது, சிரித்த முகம்.

"மேடம், நான் பக்கத்து ஆபீசுக்கு வந்த சர்வீஸ் இன்ஜினியர். இசக்கியம்மா எதையும் திருடல மேடம். நேத்து நான்தான் தப்பா சொல்லிட்டேன். அவங்க பையில இருந்த பொருள் என்னுதுதான். அவங்களை நீங்க சந்தேகப்படக் கூடாது."

நீரஜாவின் சிரிப்பு அங்கேயே நின்றது. "திருட்டா? என்ன திருட்டு? எனக்கு ஒண்ணுமே தெரியாதே."

"இல்ல மேடம், திருடலைன்னுதான்..."

"பையில இருந்து எடுத்தாங்களா?"

"எடுத்தோம், ஆனா அது..."

நீரஜாவின் பார்வை ஒரு கணம் உள்ளே திரும்பியது. கூடத்து அலமாரியில் இருந்த வெள்ளிக் குத்துவிளக்குகளைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. ரூபீனா அதைப் பார்த்தாள். எதையும் தவறவிடாத கண்கள் அவளுக்கு, அதைத் தவறவிட மட்டும் அன்றைக்கு எவ்வளவோ ஆசைப்பட்டாள்.

"ஐயோ பாவம்," என்றார் நீரஜா. "நான் அப்படியெல்லாம் நினைக்க மாட்டேன்மா. இசக்கி நல்லவதான்." பிறகு வாசல் பக்கம் எட்டிக் கூப்பிட்டார். "இசக்கி, நாளையிலேர்ந்து வாசல் மட்டும் பெருக்கினாப் போதும். உள்ள நானே பாத்துக்கறேன்."

கதவு மெல்ல மூடியது. உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

ரூபீனா படியிறங்கி வந்தாள். இசக்கியம்மாள் குப்பையை முறத்தில் அள்ளிக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபம்கூட இல்லை.

"இவுகளுக்கு ஒருத்தருக்குத்தான் தெரியாம இருந்துச்சு, தாயி."